சென்னையில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு: அறை பிடிப்பதிலிருந்து பில் வரை

திருமண நாள், அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணம், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மகளோடு இரண்டு நாள் என ஏதோ ஒரு காரணத்துக்காகச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் தங்க முடிவு செய்திருக்கிறீர்கள். ஓர் இரவுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் கொடுக்கப் போகிறீர்கள். அந்தப் பணத்துக்கு உரியது முழுவதும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஓட்டல்களில் நாம் காசு கொடுத்து வாங்குவது, கேட்டதைச் செய்து தர இரவு பகலாக ஆள் இருப்பதைத்தான். ஆனால் முதல்முறை போகிறவர்களில் பலர் எதையும் கேட்பதில்லை. பளபளப்பைப் பார்த்துக் கூச்சம் வந்துவிடுகிறது. கொடுத்த அறையை வாங்கிக்கொண்டு, லிஃப்ட் சத்தத்தில் புரண்டு படுத்து, ஆறிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதே விலைக்குப் பக்கத்து அறைக்காரர் அமைதியான மூலை அறையும் சுடச்சுட நெய் தோசையும் வாங்கியிருப்பார். அவர் முன்கூட்டியே கேட்டார், இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார், அவ்வளவுதான். கீழே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் எதை, யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் தேதி, அப்புறம் இடம்

சென்னையின் பெரிய ஓட்டல்கள் எல்லாமே கல்யாண மண்டபங்களும்கூட. முகூர்த்த நாளில் லாபியில் நிற்க இடம் இருக்காது, லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், காலை உணவுக் கூடத்தில் மேசை கிடைக்காது. அதனால் அறை விலையைப் பார்க்கும் முன் காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களைப் பாருங்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களின் வளர்பிறை வாரக் கடைசிகளைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. ஆடியில் கல்யாணக் கூட்டம் இருக்காது. அமைதியும் கவனிப்பும் வேண்டுமென்றால் ஆடி மாதத்து வார நாட்கள்தான் என் முதல் தேர்வு.

மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் சங்கீத சீசனுக்கும் விடுமுறைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் வந்து இறங்குவதால் டிசம்பர் பின்பாதியில் விலை ஏறும். டிசம்பர் 31 அன்று பல ஓட்டல்கள் இரவு விருந்தையும் கட்டாயமாகச் சேர்த்து விற்பதுண்டு. அந்த விருந்தும் ஆட்டமும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்த ஒரு நாளை விட்டுவிடுங்கள்.

தேதி முடிவானதும் இடம். 'எந்த ஓட்டல் பெரியது' என்பதைவிட 'நான் எங்கெங்கே போகப் போகிறேன்' என்பதுதான் முக்கியம். சென்னைப் போக்குவரத்தில் மாலை ஆறு மணிக்குக் கிண்டியிலிருந்து மயிலாப்பூர் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கிண்டியில் 2012-ல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா 600 அறைகள் கொண்ட மிகப் பெரிய ஓட்டல். சோழர் காலக் கோயில் கட்டடக் கலையை மனதில் வைத்துக் கட்டியது. தூண்களையும் படிக்கட்டுகளையும் பார்க்கவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். விமான நிலையமும் பக்கம். ஆனால் நடைபாதைகள் நீளமானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் லிஃப்டிலிருந்து நாலைந்து கதவுக்குள் அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அதே கிண்டியில் பார்க் ஹயாத்தின் ஒரு பக்க அறைகளிலிருந்து கிண்டி தேசியப் பூங்காவின் பச்சை தெரியும். கேட்டால்தான் அந்தப் பக்கம் கிடைக்கும்.

கடல் வேண்டுமென்றால் எம்.ஆர்.சி. நகரில் உள்ள லீலா பேலஸ். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயிலுக்கும் சபாக்களுக்கும் போகிறவர்களுக்கு வசதி. அங்கே தங்குவதென்றால் கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். நகரப் பக்க அறையை எடுத்துவிட்டுக் கடலுக்காக லாபியில் உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

பழைய மெட்ராஸின் வாசனை பிடித்தவர்களுக்கு நான் சொல்வது பின்னி சாலையில் உள்ள தாஜ் கன்னிமரா. 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் அது. ஸ்பென்சர் நிறுவனத்தோடு சேர்ந்தே வளர்ந்த ஓட்டல். 1930-களில் ஆர்ட் டெகோ என்ற அக்கால மேல்நாட்டுக் கட்டடப் பாணியில் புதுப்பித்தார்கள். 1970-களில் செய்த மாற்றங்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கை இருக்கிறது. நல்ல கட்டடம் எப்படிக் காற்றையும் நிழலையும் உள்ளே விடும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அதே நீல வழித்தடத்தில் நேராக வந்து இறங்கலாம்.

நுங்கம்பாக்கத்தில் 1974 முதல் இருக்கும் தாஜ் கோரமண்டல், ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் எழுந்த தி பார்க், தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி ஆகியவை வேலையாக வருகிறவர்களுக்கு நகரின் நடுவே வசதியானவை.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள குழு ஒன்றுதான் ஓட்டல்களைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு அது செல்லும். இதற்கு விண்ணப்பிப்பது ஓட்டல்களின் விருப்பம். முன்பதிவுத் தளங்களில் வரும் நட்சத்திரமும் அமைச்சகம் தரும் நட்சத்திரமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

விலையை எப்படிப் படிப்பது

திரையில் பெரிய எழுத்தில் காட்டும் விலை வரி சேராத விலையாக இருக்கலாம். இப்போதைய ஜி.எஸ்.டி. விதிப்படி, 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். இந்த எல்லைக்கோடு பணத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதில் 1,093 ரூபாய் வித்தியாசம். ஆஃப் சீசனில் நல்ல ஓட்டல்களின் விலையே இந்தக் கோட்டை ஒட்டி வந்து நிற்பதுண்டு. அப்போது ஒரு நாள் முன்னே பின்னே மாற்றிப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். 12,000 ரூபாய் அறை என்றால் 2,160 வரி, ஆக 14,160 என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இப்படி விலை உயர்ந்த அறைகளை விற்கும் ஓட்டல்களின் உணவகங்களிலும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம்தான். வெளியே சாதாரண உணவகங்களில் உள்ள 5 சதவீதம் அங்கே கிடையாது.

சரி, எந்த வகை அறை? நல்ல ஓட்டலின் மிகக் குறைந்த விலை அறை, சுமாரான ஓட்டலின் 'சூட்' எனப்படும் பெரிய அறைத்தொகுதியைவிட மேல். மெத்தை, குளியலறை, சமையலறை, ஊழியர்களின் பயிற்சி ஆகியவை பெரும்பாலும் எல்லா அறைக்கும் பொதுவானவை. கூடுதல் பணம் கொடுத்தால் சில சதுர அடிகளும், உயர்ந்த மாடியும், ஜன்னல் காட்சியும் கிடைக்கும். கடல் தவிர வேறு எந்தக் காட்சிக்கும் சென்னையில் நான் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

கிளப் அறைகள் என்று ஒரு வகை உண்டு. தனி ஓய்வுக்கூடம், மாலையில் சிற்றுண்டி, சில இடங்களில் மதுவும் அதில் அடக்கம். பகல் முழுக்க ஓட்டலுக்குள்ளேயே இருக்கப் போகிறவர்களுக்கு அது லாபம். காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர்களுக்கு அந்தப் பணம் வீண்.

முன்பதிவுத் தளத்தில் விலையைப் பாருங்கள், ஓட்டலின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் ஓட்டலிலேயே நேரடியாகப் போடுங்கள். தேதி மாற்ற வேண்டியிருந்தாலும், அறை மாற்ற வேண்டியிருந்தாலும், நடுவில் இன்னொரு நிறுவனம் இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி. பெரிய ஓட்டல் குழுமங்கள் எல்லாவற்றிலும் இலவசமாகச் சேரக்கூடிய உறுப்பினர் திட்டம் இருக்கும். முன்பதிவுக்கு முன் அதில் சேர்ந்துவிடுங்கள். உறுப்பினர்களுக்கான விலையே பல நேரம் குறைவாக இருக்கும். பணம் கட்டிச் சேரச் சொல்லிப் போனில் விற்கும் உணவுத் தள்ளுபடி அட்டைகள் வேறு. ஆண்டில் ஓரிரு முறை போகிறவர்களுக்கு அவை வேண்டாம்.

பணம் திரும்பி வராத விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், நவம்பரில் புயல் வந்தாலும், அந்தப் பணம் போனதுதான்.

போவதற்கு இரண்டு மூன்று நாள் முன் ஒரு போன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். யாருக்கு எந்த அறை என்பதை ஓட்டல்கள் பெரும்பாலும் வருகைக்கு முந்தைய நாளோ அன்று காலையோதான் ஒதுக்குகின்றன. அதற்கு முன் உங்கள் விருப்பம் அவர்கள் கணினியில் குறிப்பாக ஏறியிருக்க வேண்டும். முன்பதிவு எண்ணைச் சொல்லி, இப்படிக் கேளுங்கள்:

"லிஃப்ட், சர்வீஸ் லிஃப்ட் ரெண்டுக்கும் பக்கத்துல இல்லாத ரூம் வேணுங்க. பேங்க்வெட் ஹாலுக்கும் லானுக்கும் மேல வேணாம். அன்னைக்குக் கல்யாணம் ஏதாவது இருக்கா?"

கல்யாணம் உண்டு என்றால் எதிர்ப்பக்க அறை கேளுங்கள். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. ஆக, புல்வெளி நிகழ்ச்சியைவிட உங்கள் தளத்துக்குக் கீழே உள்ள அரங்கத்தின் பாட்டுதான் நள்ளிரவு வரை வரும். அதனால்தான் அறை எந்தப் பக்கம் என்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரட்டைக் கட்டிலா, ஒற்றைக் கட்டில் இரண்டா என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள். குழந்தைக்குக் கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, எந்த வயது வரை காலை உணவு இலவசம் என்று கேளுங்கள். நீச்சல் குளம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறந்த நாளோ திருமண நாளோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல ஓட்டல்களில் ஒரு சின்னக் கேக்கும் வாழ்த்து அட்டையும் அறைக்கு வந்துவிடும். பெரியவர்களுக்காகக் குளியல் தொட்டி இல்லாத, நின்று குளிக்கிற அறை வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்குவது எழுபது வயதில் ஆபத்தான வேலை.

செக்-இன் பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணி, செக்-அவுட் 11 அல்லது 12 மணி. பாண்டியன், நெல்லை எக்ஸ்பிரஸில் விடியற்காலை எழும்பூரில் வந்து இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு மணிக்குப் போய் நின்றால் அறை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே சொன்னால் சில நேரம் காலை 9, 10 மணிக்குத் தருவார்கள். கிடைக்கவில்லை என்றால் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். முகம் கழுவி உடை மாற்ற உடற்பயிற்சிக் கூடத்தின் குளியலறையைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வாசலிலிருந்து அறை வரை

வாசலில் காரின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், பைகளை ஸ்கேனரில் போடச் சொல்வார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஓட்டல்களில் வந்த நடைமுறை இது. எல்லோருக்கும் பொது.

காரை வாலே பார்க்கிங்கில், அதாவது ஓட்டல் ஆளே ஓட்டிப் போய் நிறுத்தும்படி, கொடுத்தால் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டின் பின்னால் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் 1998-ல் டெல்லி ஓட்டல் ஒன்றில் வாலேயில் விட்ட மாருதி ஜென் கார் திருடு போன வழக்கில், 2019-ல் உச்ச நீதிமன்றம், ஓட்டல் தன் கவனக்குறைவுக்கு அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. வண்டிக்குள் விலை உயர்ந்த பொருள் எதையும் வைக்காதீர்கள்.

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை தேவை. கணவரின் அட்டை மட்டும் போதும் என்று வந்து, மனைவியின் ஆதாரை வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கும் குடும்பங்களை ரிசப்ஷனில் அடிக்கடி பார்க்கலாம். ஆதார் கொடுப்பதானால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமமும் போதும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வேண்டும். அவர்கள் வருகையை 24 மணி நேரத்துக்குள் ஓட்டல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

திருமணமாகாத இருவர் தங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். வயது வந்த இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கோவை விடுதி வழக்கு ஒன்றில் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெரிய ஓட்டல்களில் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

அடுத்தது டெபாசிட். வாடகை முழுவதும் கட்டியிருந்தாலும், சாப்பாடு மற்ற செலவுகளுக்காக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வெறும் பிடிமானம். செலவு இல்லையென்றால் விடுபட்டுவிடும். டெபிட் கார்டில் பணம் கணக்கிலிருந்தே போய், திரும்பி வர நாட்கள் ஆகும். கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்குங்கள். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இந்த நேரத்தில்தான் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "இதைவிட நல்ல ரூம் ஏதாவது இன்னைக்குக் காலியா இருக்கா?" வார நாளில், கூட்டம் இல்லாதபோது, சிரித்த முகத்தோடு கேட்டால் சும்மாவே மாற்றித் தந்தவர்கள் உண்டு. இல்லை என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரிசப்ஷனில் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் தமிழில் பேசுங்கள். பணியாளர்களில் வடகிழக்கு, வங்காளம், ஒடிசா பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குத் தமிழ் வராவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை அழைப்பார்கள். அப்பா அம்மாவை மட்டும் தனியாகத் தங்க வைப்பதானால், அறைக்குத் தமிழ் தெரிந்தவர்களை அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுத வைக்கலாம்.

பெட்டியைத் திறக்கும் முன் பத்து நிமிடம்

அறைக்குள் போனதும் துணிகளை எடுத்து அடுக்காதீர்கள். அறை சரியில்லை என்றால் மாற்றக் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

ஏ.சி.யை 24-ல் வைத்து சத்தம் கேளுங்கள். ஷவரைத் திறந்து வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் குளியலறைக்கு வெளியே வழிகிறதா? கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் (கழுவும் கைக்குழாய்) இருக்கிறதா, வேலை செய்கிறதா? திரையை முழுக்க மூடினால் இருட்டாகிறதா? பக்கத்து அறைக்கு நடுக்கதவு இருந்தால் அந்த வழியே பேச்சு கேட்கும். குடும்பத்தோடு இரண்டு அறை எடுத்தவர்களுக்கு அது வசதி, மற்றவர்களுக்கு வேண்டாம். பெட்டகத்தைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின்னால் உள்ள வரைபடத்தில் தீ விபத்து வழியைப் பார்த்து, உங்கள் அறையிலிருந்து அந்தப் படிக்கட்டு எத்தனையாவது கதவு என்று ஒருமுறை நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாதபோது அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும். குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அறையில் விற்பனைக்கு வைத்திருக்கும் பானங்களும் தின்பண்டங்களும் உள்ள மினிபாரைப் படம் எடுத்து வையுங்கள். சில ஓட்டல்களில் பொருளை எடுத்து நகர்த்தினாலே கணக்கில் ஏறும் தானியங்கிப் பெட்டி இருக்கும். குழந்தைகள் இருந்தால் அதைக் காலி செய்யச் சொல்லிவிடுங்கள். அறையில் வைத்திருக்கும் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இலவசம். கூடுதலாகக் கேட்டாலும் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். ஆனால் உணவகத்தில் 'மினரல் வாட்டரா சார்?' என்று கேட்டுத் திறக்கும் பாட்டில் வேறு. அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. "சாதாரணத் தண்ணி கொடுங்க" என்று சொன்னால் வடிகட்டிய நீர் வரும்.

பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் செட், சீப்பு, இஸ்திரிப் பெட்டி, கூடுதல் தலையணை, போன் சார்ஜர், கொசுவிரட்டி, தலைவலித் தைலம் எல்லாம் ஒரு போனில் வரும். பல ஓட்டல்களில் மெத்தென்றோ கெட்டியாகவோ வேறு வேறு தலையணைகள் கேட்டு வாங்கலாம். கழுத்து வலி உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். துணி துவைக்கக் கொடுக்காதீர்கள். ஒரு சட்டைக்கு அவர்கள் வாங்கும் பணத்தில் வெளியே ஒரு மூட்டை துணி துவைத்துவிடலாம். இஸ்திரிப் பெட்டியை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சோப்பு, ஷாம்பு, செருப்பு, பல் பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு போகத்தான். குளியல் அங்கி, துண்டு, ஹேங்கர் எடுத்தால் பில்லில் வரும்.

சாப்பாடு: எதற்குச் செலவழிப்பது

காலை உணவு பஃபேதான் பெரும்பாலோர் ஆசையோடு எதிர்பார்ப்பது. அதைச் சரியாகச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்குப் போகாதீர்கள். ஏழரைக்குப் போங்கள். மூடி போட்ட பாத்திரங்களில் இருக்கும் இட்லி, வடை, பொங்கலை நான் தொடுவதே இல்லை. ஆவியிலேயே கிடந்து இட்லி ஈரமாகிவிடும், வடை மொறுமொறுப்பு போய்விடும். ஐந்து நட்சத்திர ஓட்டல் இட்லி நன்றாக இருக்காது என்று ஊரில் சொல்வதற்கு அந்தப் பாத்திரம்தான் காரணம். சமையல்காரர்கள் மேல் தவறில்லை. தோசைக் கல் இருக்கும் இடத்துக்குப் போய், கல்லில் நிற்பவரிடம் நேராகப் பேசுங்கள். "நெய் ரோஸ்ட், நல்லா முறுகலா" என்று சொல்லிவிட்டு, "புதுசா நாலு இட்லி வேக வெச்சுக் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் மேசைக்கு வரும். காபியும் அப்படித்தான். இயந்திரத்தை விட்டுவிட்டு, பரிமாறுகிறவரிடம் ஃபில்டர் காபி கேளுங்கள். ஸ்ட்ராங்கா, சர்க்கரை எவ்வளவு என்று சொல்லி வாங்குங்கள்.

காலை உணவு சேர்த்த விலைக்கும் சேர்க்காத விலைக்கும் உள்ள வித்தியாசம் இருவருக்கு ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் சேர்த்து வாங்குங்கள். அதற்கு மேல் என்றால் ஒரு நாளாவது வெளியே போங்கள். மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸும் திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபேயும் இருக்கிற ஊரில் எல்லா வேளையும் ஓட்டலுக்குள்ளேயே சாப்பிடுவது பெரிய இழப்பு.

ஆனால் ஒரு வேளை, அந்த ஓட்டலின் சிறந்த உணவகத்தில் நன்றாகச் சாப்பிடுங்கள். கன்னிமராவில் மரங்களுக்கடியில் செட்டிநாட்டுச் சாப்பாடு போடும் ரெயின் ட்ரீ, கோரமண்டலில் சதர்ன் ஸ்பைஸ், கிராண்ட் சோழாவில் அவர்தனா. அவர்தனாவில் தென்னிந்தியச் சுவைகளைப் பல சுற்றுகளாக, புது வடிவத்தில் பரிமாறுகிறார்கள். வயிறு நிறையப் பிரியாணி எதிர்பார்த்துப் போகாமல், இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் போனால் மறக்க முடியாத சாப்பாடு. வாரக் கடைசியில் இவை எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். அறையைப் போடும்போதே மேசையையும் போட்டுவிடுங்கள்.

ரூம் சர்வீஸில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ரசம் மெனுவில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். அவ்வளவு பெரிய சமையலறையில் எப்போதும் சோறும் தயிரும் இருக்கும். உடம்பு சரியில்லாத குழந்தைக்குக் குழைந்த கஞ்சி வைத்து, உப்பு தனியாகக் கொடுத்தனுப்பிய சமையலறைகள் எனக்குத் தெரியும்.

குறை இருந்தால்

அப்போதே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போடுவதால் உங்கள் இரவுத் தூக்கம் திரும்பாது. ஒரு முறை நகரின் நடுவே ஓர் ஓட்டலில் என் அறைக்கு நேர் கீழே கல்யாணத்துக்கு முந்தைய ஆட்டம் பாட்டமான சங்கீத் நிகழ்ச்சி. ராத்திரி பத்தரைக்குத் தரை அதிர்கிறது. ஆபரேட்டரிடம் புகார் சொன்னால் 'பார்க்கிறோம் சார்' என்றுதான் வரும். அதனால் அந்த நேரத்துக்குப் பொறுப்பாளரான டூட்டி மேனேஜரை இணைக்கச் சொன்னேன். "தம்பி, சத்தத்தை நிறுத்தச் சொல்லல, அது அவங்க கல்யாணம். பதினோரு மணிக்குள்ள வேற பக்கம் ரூம் கொடுங்க. பெட்டி தூக்க ஒருத்தரை அனுப்புங்க" என்றேன். இருபது நிமிடத்தில் வேறு மாடிக்குப் போய்விட்டோம்.

பொதுவாகக் கோபப்படுவதைவிட, என்ன வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்று சொல்வது நடக்கும். டூட்டி மேனேஜருக்குத்தான் அறை மாற்றவும் பில்லில் குறைக்கவும் அதிகாரம் உண்டு. கீழ்மட்ட ஊழியரிடம் கத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த அதிகாரம் இல்லை, உங்கள் கோபத்தால் அவருக்குக் கெட்ட பெயர் மட்டும்தான் வரும். பெயர் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லி, 'வாங்க, போங்க' என்று பேசுங்கள்.

டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும்

டிப்ஸ் கட்டாயம் இல்லை. நான் கொடுப்பது: பெட்டி கொண்டுவருகிறவருக்கு நூறு ரூபாய், அறை சுத்தம் செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு நூறு. அறைப் பணியாளர்தான் அதிகம் உழைப்பவர், அவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் நாளே கொடுங்கள், ஒரு தாளில் நன்றி என்று எழுதித் தலையணை மேல் வையுங்கள். சில்லறை நோட்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

உணவக பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு கட்டணம் இருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். பெரும்பாலும் 'நீக்கிவிடுங்கள்' என்று ஒரு முறை அமைதியாகச் சொன்னாலே போதும்.

கிளம்பும்போது

கிளம்புவதற்கு முந்தைய இரவு பில்லின் நகலை அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலையில் கூட்டத்தில் நின்று வரி வரியாகப் படிக்க முடியாது. மினிபார், கூடுதல் படுக்கை, இலவசம் என்று சொன்ன குழந்தையின் காலை உணவு ஆகிய மூன்றில்தான் தவறு வரும். அலுவலகச் செலவு என்றால் நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகக் காலி செய்ய வேண்டுமென்றாலும் முந்தைய இரவே கேளுங்கள். இரவு ரயில் என்றால் பெட்டிகளை ஓட்டலில் விட்டுவிட்டு ஊர் சுற்றலாம், அதற்குப் பணம் இல்லை. விமான நிலையத்துக்கு ஓட்டல் காரின் விலையைக் கேட்டுவிட்டு, வாடகை டாக்ஸியின் விலையையும் பாருங்கள். ஓட்டல் கார் பல மடங்கு இருக்கும். பெட்டி குறைவு என்றால் மெட்ரோவே போதும்.

பிறகு ஓட்டலிலிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும். அதை அழிக்காதீர்கள். தோசை ஊற்றியவர், அறையைத் துடைத்தவர், ராத்திரி அறை மாற்றிக் கொடுத்தவர் ஆகியோரின் பெயரை எழுதி அனுப்புங்கள். அந்த வரி அவர்களுடைய மேலதிகாரி மேசைக்குப் போகும், பதவி உயர்வுப் பேச்சில் உதவும். தங்கியிருக்கும்போதே பெயர்களைப் போனில் குறித்து வைத்தால் எழுதுவது சுலபம்.

டெபாசிட் தொகை கார்டுக்குத் திரும்பிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் இறுதி பில்லை இணைத்து ஓட்டலின் கணக்குப் பிரிவுக்கும் உங்கள் வங்கிக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள்.